உங்கள் அண்ணன் பயத்தால் இறக்கவில்லை

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 46. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். 2021 மே மாதம் என் அண்ணனைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்தேன். அவருக்கு 54 வயது. சர்க்கரை நோய் இருந்தது. தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள், மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்திருந்த நிலையில் என்னிடம் போனில் பேசினார். எங்கள் பெரியப்பா மகன் அதே நோயில் இறந்துபோன செய்தியை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, “எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு” என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. மறுநாள் விடியற்காலையில் இறந்துவிட்டார். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை.

“அவன் நோயில் சாகவில்லை, பயந்தே செத்தான்” என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். பயந்தால் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும் என்று அப்போது எல்லோருமே சொன்னார்கள். அப்படியானால் என் வாயால்தானே அவர் போனார்?

அதே வாரம் எனக்கும் லேசாகக் கொரோனா வந்து குணமானது. அன்றிலிருந்து இரவில் நான்கு மணி நேரம் தூங்கினாலே அதிகம். அடிக்கடி சளி பிடிக்கிறது. எங்காவது புதுக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் நெஞ்சு படபடக்கிறது. படபடத்தால் எதிர்ப்பு சக்தி போய்விடுமே என்று அதற்கும் சேர்த்துப் பயப்படுகிறேன். தினமும் கபசுரக் குடிநீர், ஜிங்க் மாத்திரை, வைட்டமின் மாத்திரை எதையும் நிறுத்தவில்லை. கல்லூரியில் படிக்கும் மகளைக் கல்யாணம், காதுகுத்து எதற்கும் அனுப்புவதில்லை. மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்கிறார் கணவர். அந்த மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மையிலேயே மனதுக்கும் எதிர்ப்பு சக்திக்கும் தொடர்பு இருக்கிறதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் கேட்டிருக்கும் கேள்விக்குப் பிறகு வருகிறேன். நடுவில் ஒற்றை வரியில் கேட்டுவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன செய்தியால் உங்கள் அண்ணன் இறக்கவில்லை. உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. மருத்துவம் இதைத்தான் சொல்கிறது. ஏன் என்பதையும் விளக்கிவிடுகிறேன். காரணம் தெரியாமல் கேட்ட ஆறுதல் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும்போது உதவாது.

கொரோனாவின் போக்கை நினைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் வைரஸ் உடம்பில் பெருகும். பெரும்பாலானோருக்கு அதோடு தணிந்துவிடும். சிலருக்கு மட்டும் ஏழாவது நாள் முதல் பத்தாவது நாளுக்குள் நிலைமை வேறு பக்கம் திரும்பும். வைரஸை அழிக்கப் புறப்பட்ட எதிர்ப்பு சக்தியே கட்டுமீறிப் போய் நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். காற்றுப் பைகளில் நீர் கோக்கும், நுண்ணிய இரத்தக் குழாய்களில் உறைவு ஏற்படும். உங்கள் அண்ணன் உங்களோடு பேசியது ஒன்பதாம் நாள். அப்போதே ஆக்சிஜன் தேவைப்பட்டது என்றால், நீங்கள் போனை எடுப்பதற்கு முன்பே அவர் நுரையீரலில் அந்த அழற்சி தொடங்கிவிட்டது என்று பொருள். ஐம்பதைத் தாண்டிய வயது, சர்க்கரை நோய், தடுப்பூசி இல்லாத நிலை, ஊரெங்கும் டெல்டா வகை வைரஸ் ஆகிய நான்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த மே மாதத்தில் எத்தனையோ குடும்பங்கள் கண்டன.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கட்டத்தில் இருந்த நோயாளிகளுக்கு நாங்கள் கொடுத்த முக்கியமான மருந்து டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2020 ஜூனில் வெளிவந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை அந்த மருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. அந்த மருந்து என்ன செய்கிறது தெரியுமா? எதிர்ப்பு சக்தியை அடக்குகிறது. பயப்படும்போதும் மன அழுத்தத்தின்போதும் நம் உடம்பே சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் இனத்தைச் சேர்ந்ததுதான் அது. வீரியம் மட்டும் பல மடங்கு அதிகம். ஆகவே, “பயந்தான், எதிர்ப்பு சக்தி குறைந்தது, இறந்தான்” என்ற கணக்கு அந்த ஒன்பதாம் நாளில் செல்லுபடியாகவே ஆகாது. எதிர்ப்பு சக்தியை அடக்கத்தான் மருத்துவர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள்.

இனி அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். மனநல மருத்துவர் என்பதால், இரண்டாம் அலையின்போது கொரோனா வார்டுகளுக்கு என்னை அடிக்கடி அழைத்தார்கள். “நோயாளி ரொம்பப் பயப்படுகிறார், மாஸ்கைப் பிடுங்கி எறிகிறார், கொஞ்சம் பேசிப் பாருங்கள்” என்பார்கள். போய்ப் பார்த்தால், கண்கள் விரிந்து, வியர்த்து, கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 82 என்று காட்டும். நான் பேசுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. குப்புறப் படுக்க வைத்து, மாஸ்கைச் சரியாகப் பொருத்தி, ஆக்சிஜன் வேகத்தைக் கூட்டி, அளவு 90-ஐத் தாண்டிய பிறகு அவரே, “இப்போது பரவாயில்லை சார்” என்பார். மூச்சு போதவில்லை என்றால் மூளை எழுப்பும் முதல் அபாயக் குரலே பயம்தான். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தாலும், கரியமில வாயு கூடினாலும், காய்ச்சலில் மூளை குழம்பினாலும் மனிதனுக்குத் திகில் உண்டாகும். தைரியசாலிக்கும் உண்டாகும். “பயமாக இருக்கிறது கண்ணு” என்று உங்கள் அண்ணன் சொன்னதில் உறவினரின் சாவுச் செய்தி கேட்ட வருத்தம் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் அதற்கும் முன்பே அவர் உடம்பு அவருக்கு ஆபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பயம் நோயின் அறிகுறி. அதைக் காரணம் என்று மாற்றிப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டுகளாக நீங்களும் அம்மாவும் வாடுகிறீர்கள்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் அதே வார்டில் இருந்தது. அடுத்த கட்டிலில் அதே 82-ஓடு ஒருவர் சாய்ந்து உட்கார்ந்து, கடைச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று மகனுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருப்பார். “எனக்கு ஒன்றும் இல்லை டாக்டர், என்றைக்கு வீட்டுக்கு அனுப்புவீர்கள்?” என்று கேட்பார். ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியும் மூச்சுத்திணறலே உணராத அந்த நிலை கொரோனாவில் அடிக்கடி காணப்பட்டது. துளிப் பயம்கூட இல்லாத அவர்களில் பலர் பிழைக்கவில்லை. பயந்து நடுங்கியவர்களில் எத்தனையோ பேர் பிழைத்து இன்று பேரன் பேத்திகளோடு இருக்கிறார்கள். பயத்தை வைத்து யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்று அந்த வார்டில் யாராலும் சொல்ல முடியவில்லை.

“பயப்படாதீர்கள், பயந்தால் எதிர்ப்பு சக்தி குறையும்” என்ற செய்தி அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றியது. டாக்டர்கள் சிலரும் சொன்னார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்கிறது, இன்னமும் வருகிறது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. சென்னையில் அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. அந்த நேரத்தில் பயப்படாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். பயப்படுகிறவரிடம் போய், உன் பயமே உன்னைக் கொல்லும் என்று சொன்னால் பயம் இரண்டாகும். அவர் இறந்துவிட்டால் பழியும் அவர் மேலேயே விழும். படுக்கை கிடைத்ததா, ஆக்சிஜன் கிடைத்ததா, தடுப்பூசி நேரத்துக்கு வந்து சேர்ந்ததா என்ற கேள்விகளெல்லாம் பின்னால் போய்விடும். செத்தவன் கோழை என்ற பேச்சுத்தான் மிஞ்சும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, மனதுக்கும் எதிர்ப்பு சக்திக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். தொடர்பு இருக்கிறது. எப்படிப்பட்ட தொடர்பு, எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

திடுக்கிடும்போது உடம்பில் அட்ரினலின் பாய்கிறது. அந்தச் சில நிமிடங்களில் வெள்ளை அணுக்களில் சில வகைகள் இரத்தத்தில் குறையாமல் கூடத்தான் செய்கின்றன. காயம் படப்போகிறது, தயாராக இரு என்று உடம்பு எடுக்கும் ஏற்பாடு அது. எனவே ஒரு போன் அழைப்பின் அதிர்ச்சியோ, செய்தி பார்த்து வரும் படபடப்போ எதிர்ப்பு சக்தியைத் துடைத்துவிடாது. சிக்கல் வருவது கவலை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும்போதுதான். கார்டிசால் ஓயாமல் சுரந்தால் நோய் எதிர்ப்பு அணுக்கள் மெல்ல அதன் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிடுகின்றன. வைரஸை எதிர்க்கும் திறன் ஒரு பக்கம் மந்தமாகிறது, தேவையில்லாத அழற்சி இன்னொரு பக்கம் புகைந்துகொண்டே இருக்கிறது.

இதை மனிதர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஷெல்டன் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தில் சால்ஸ்பரி நகரில் இருந்த ஜலதோஷ ஆய்வு மையத்தில் நடத்திய ஆய்வு 1991-இல் வெளிவந்தது. ஆரோக்கியமாக இருந்த 394 பேர் தாமாக முன்வந்தார்கள். அவர்களுடைய மன அழுத்தம் எவ்வளவு என்று முதலில் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸை மூக்கில் சொட்டு சொட்டாக விட்டார்கள். வெளியாரோடு கலக்காமல் தங்க வைத்துக் கவனித்தார்கள். மன அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்குச் சளி பிடித்தது. மிக அதிகமாக இருந்தவர்களில் 47 விழுக்காடு. வேறுபாடு தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த எண்களை இன்னொரு பக்கத்திலிருந்தும் படியுங்கள். கவலை உச்சத்தில் இருந்தவர்களின் மூக்கிலேயே வைரஸை விட்டும் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சளி பிடிக்கவில்லை. நிம்மதியாக இருந்தவர்களிலும் நான்கில் ஒருவருக்கு மேல் பிடித்தது. கவலை வாய்ப்பைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். அதுவே தீர்ப்பு எழுதிவிடுவதில்லை.

அதே குழு 1998-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு உங்களுக்கு இன்னும் முக்கியம். ஒரு மாதத்துக்குக் குறைவான துன்பம், அது எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், சளி பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டவில்லை. ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடித்த துன்பம்தான் கூட்டியது. அதிலும் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கின: வேலை இல்லாமை, நெருங்கிய உறவுகளோடு தீராத பிணக்கு. ஒரு நொடியில் வாய்தவறி வந்த வார்த்தைக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

அமெரிக்காவின் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனிஸ் கீகால்ட்-கிளேசர் செய்த ஆய்வுகள் என் மனதுக்கு நெருக்கமானவை, ஏனென்றால் அவை நம் வீடுகளில் இருக்கும் பெண்களைப் பற்றிப் பேசுகின்றன. நினைவிழப்பு நோயால் பாதிக்கப்பட்ட உறவினரைப் பல ஆண்டுகளாக வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அதே வயதில் அந்தச் சுமை இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோர் கையிலும் தோலில் மிகச் சிறிய காயம் ஒன்றை உண்டாக்கி, அது ஆறுவதைக் கவனித்தார்கள். பராமரிப்புச் சுமை இருந்தவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாகப் பிடித்தது. இதுபோல் பராமரிப்புச் சுமை இருப்பவர்களுக்கு ஃபுளூ தடுப்பூசி போட்ட பிறகு உருவாகும் எதிர்ப்பும் குறைவாக இருந்தது. நோயாளிக்கு எல்லோரும் மருந்து வாங்கித் தருகிறார்கள். பார்த்துக்கொள்கிறவள் தூங்கினாளா என்று யாரும் கேட்பதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் கவலைப்பட்டிருக்க வேண்டியது இவர்களைப் பற்றித்தான். மூன்று வேளை சமைத்து, மாமியாருக்கு ஆவி பிடிக்க வைத்து, வேலை போன கணவரைத் தேற்றி, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்குப் போன் ஏற்பாடு செய்து, நள்ளிரவில் படுத்த பெண்களின் களைப்பு.

ஏற்கெனவே மனநோய் இருந்தவர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். மனச்சோர்வு நோய், மனச்சிதைவு நோய் ஆகியவற்றையும் கொரோனா கடுமையாகக்கூடிய காரணங்களின் பட்டியலில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 அக்டோபரில் சேர்த்தது. அதில் எதிர்ப்பு சக்தியின் பங்கு ஒரு பகுதிதான். புகைப்பழக்கம், கவனிக்கப்படாத சர்க்கரை நோய், உடல் பருமன், உடம்பு சரியில்லை என்று சொன்னாலும் “இவருக்கு எப்போதும் இப்படித்தான்” என்று தள்ளிவிடும் வீட்டார், இவையெல்லாம் சேர்ந்துதான் அவர்களைச் சாய்க்கின்றன. மனநல சிகிச்சையில் இருக்கும் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், தடுப்பூசி வரிசையில் அவரை முன்னால் நிறுத்துங்கள்.

இப்போது உங்களைப் பற்றி.

உங்கள் மனநிலை மாறியதில் கொரோனாவுக்கே ஒரு பங்கு இருக்கக்கூடும் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? மனம் உடம்பைப் பாதிப்பதுபோல, எதிர்ப்பு சக்தியும் மனதைப் பாதிக்கும். தொற்று வந்ததும் வெள்ளை அணுக்கள் சைட்டோகைன் என்ற வேதிப்பொருட்களை வெளியிடுகின்றன. அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன: படு, சாப்பிடாதே, யாரோடும் பேசாதே, எதிலும் ஆசை கொள்ளாதே. காய்ச்சலில் நாம் சுருண்டு படுப்பதும் காரணமில்லாமல் கண் கலங்குவதும் அதனால்தான். முன்பு ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு இன்டர்ஃபெரான் என்ற ஊசியை மாதக்கணக்கில் போடுவார்கள். அதுவும் ஒரு சைட்டோகைன். ஊசி தொடங்குமுன் மனதில் எந்தக் குறையும் இல்லாதவர்கள் சிலருக்கும்கூடச் சில வாரங்களில் கடும் மனச்சோர்வு வந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். கொரோனாவிலிருந்து தேறியவர்கள் பலருக்கு அதன்பின் மனப்பதற்றமும் தூக்கமின்மையும் தொடர்ந்தன. உங்கள் விஷயத்தில் அதோடு அண்ணனின் சாவும் அதே வாரத்தில் வந்து சேர்ந்தது. நீங்கள் மனதளவில் பலவீனமானவர் என்பதால் இப்படி ஆகவில்லை.

அடிக்கடி சளி பிடிப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் தூக்கத்தைத்தான். 164 பேரின் தூக்கத்தை மணிக்கட்டில் கட்டிய கருவியால் ஒரு வாரம் அளந்துவிட்டு, அவர்கள் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. நீங்கள் தூங்குவது நான்கு மணி நேரம். இந்தத் தூக்கத்தைச் சரிசெய்யாமல் எந்தக் கஷாயம் குடித்தும் பயனில்லை.

படுத்தாலும் தூக்கம் வருவதில்லையே என்பீர்கள். தெரியும். எத்தனை மணிக்குப் படுத்தாலும், தூங்காமலே கிடந்தாலும், காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். எழுந்து முற்றத்திலோ மாடியிலோ வெயில் படும்படி அரை மணி நேரம் நடங்கள். பகலில் படுக்காதீர்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்துபோய், மங்கலான விளக்கில் ஏதாவது கைவேலை செய்யுங்கள். பூண்டு உரிக்கலாம், துணி மடிக்கலாம். கண் சொருகும்போது வந்து படுங்கள். முதல் வாரம் சிரமமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வாரங்கள் விடாமல் செய்தால் உடம்பு பழகும். செய்தியை இரவில் பார்க்கவே பார்க்காதீர்கள். ஏதாவது தொற்று பரவினால் பகலில் ஒரு முறை, சுகாதாரத் துறை என்ன சொல்கிறது என்று பார்த்தால் போதும்.

மாத்திரைகளுக்கு வருவோம். எதிர்ப்பு சக்தி என்பது தொட்டியில் ஊற்றி நிரப்பி வைக்கும் தண்ணீர் அல்ல. குறைபாடு இருந்தால் அதை ஈடுசெய்வது நல்லது. குறைபாடு இல்லாதபோது மேலும் மேலும் விழுங்குவதால் அது ஏறிக்கொண்டே போகாது. ஜிங்க் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் அதிக அளவில் சாப்பிட்டால் உடம்பில் தாமிரச் சத்து குறையும். தாமிரம் குறைந்தால் இரத்தசோகை வரும், வெள்ளை அணுக்களே குறையும். எதைக் காப்பாற்ற விழுங்கினீர்களோ அதையே இழக்க நேரிடும். எனவே அதை இப்போதே நிறுத்திவிட்டு, மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வைட்டமின் டி மாத்திரை அதில் இருந்தால் அதையும் காட்டுங்கள். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் கூடிவிடும். கபசுரக் குடிநீரை இத்தனை காலம் தினமும் குடிப்பது தேவைதானா என்று தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் கேளுங்கள். மற்ற மருத்துவர்களிடமும் அதைக் குடிப்பதை மறைக்காதீர்கள்.

போகிற அன்றே இரத்தத்தில் சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். அண்ணனுக்குச் சர்க்கரை நோய் இருந்திருக்கிறது. உங்களுக்கும் வர வாய்ப்பு உண்டு. கட்டுப்படாத சர்க்கரை நோயும் அடிக்கடி தொற்று வரக் காரணமாகும். நெஞ்சுப் படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் தைராய்டு கூடுதலாகச் சுரப்பதும் காரணமாக இருக்கலாம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பொதுவாகக் கொடுக்கப்படும் மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பதில்லை. மனச்சிதைவு நோய்க்கு மற்ற மருந்துகள் பலனளிக்காதபோது தரும் குளோசபின் என்ற மருந்து சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைக்கும். அதனால்தான் அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு முறையாக இரத்தப் பரிசோதனை செய்கிறோம். உங்களுக்கு அந்த மருந்துக்கான தேவையே இல்லை. உங்களுக்கு மாத்திரை அவசியமா என்பதையே நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சையாலேயே பெரிதும் குணம் காணக்கூடிய நிலைதான் இது என்று கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் இறந்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் துக்கம் கொஞ்சமும் தளராமல் அன்றாட வாழ்க்கையை முடக்குமானால் அதை நீடித்த துக்க நோய் என்று உலக சுகாதார நிறுவனமே வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கென்று சிகிச்சை முறைகள் உண்டு.

மகளைக் கட்டிப்போடாதீர்கள். சளி வைரஸ் ஆய்வுகளில் கோஹன் குழுவினர் கண்டது இன்னொன்றும் உண்டு. குடும்பம், நண்பர்கள், வேலை செய்யுமிடம், வழிபாட்டுக் கூட்டம் என்று பலவகை உறவுகளோடு பழகுகிறவர்களுக்குச் சளி பிடிப்பது குறைவாகவே இருந்தது. பலரோடு பழகினால் தொற்று கூடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் வைரஸை ஒரே மாதிரி எல்லோர் மூக்கிலும் விட்ட பிறகு, தனித்திருந்தவர்கள்தான் அதிகம் நோயில் விழுந்தார்கள். அவள் கல்யாணத்துக்குப் போகட்டும். நீங்களும் போங்கள். கூட்டம் நெரிசலாக இருந்தாலோ ஊரில் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தாலோ முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தடுப்பூசி பாக்கி இருக்கிறது, ஃபுளூ தடுப்பூசி வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பயம் இருந்தாலும் தடுப்பூசி வேலை செய்யும்.

அம்மாவின் வார்த்தை உங்களை ஒவ்வொரு முறையும் அறுக்கிறது என்பது புரிகிறது. ஆனால் அவர் உங்களைக் குற்றம் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் போன் பேச்சு அவருக்குத் தெரியுமா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. பெற்ற மகனைக் குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, முகம் பார்க்கவில்லை. எப்படி இறந்தான் என்பதைக் கண்ணால் பார்க்காத தாய்க்கு ஏதோ ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. ஊர் சொன்ன காரணத்தை அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த முறை அவர் அப்படிச் சொல்லும்போது எழுந்து போய்விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, “அண்ணன் பயந்தவன் இல்லை அம்மா, நுரையீரல் கெட்டுப்போய்விட்டது, மூச்சுக்கு அவ்வளவு போராடியிருக்கிறான்” என்று சொல்லிப் பாருங்கள். முடிந்தால் சிகிச்சைக் குறிப்புகளையும் சி.டி. ஸ்கேன் அறிக்கையையும் தேடி எடுத்து, உங்கள் ஊர் மருத்துவரிடம் காட்டி, நுரையீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருந்தது என்று அம்மாவுக்கு எதிரிலேயே விளக்கச் சொல்லுங்கள். டாக்டர் வாயால் கேட்டால் பல தாய்மார்களுக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்குத் திதி கொடுக்கும் வழக்கம் இருந்தால் இந்த ஆண்டு உறவினர்களை அழைத்து நிறைவாகச் செய்யுங்கள். அன்றைக்கு அந்த ஒன்பதாம் நாளைப் பற்றிப் பேசாமல், அவர் வாழ்ந்த 54 ஆண்டுகளைப் பற்றிப் பேசுங்கள்.

கணவர் சொல்வதுதான் சரி. ஈரோட்டிலோ பக்கத்து மாவட்டத்திலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளியாகப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. நேரில் போகும்வரை டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. அண்ணனோடு நானும் போயிருக்கலாமே என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே அழையுங்கள், கணவரிடமும் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள், முக்கியமாக அந்தப் போன் பேச்சை. அதைச் சொல்லாமல் தூக்க மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.